மிதவை ஒன்று, வெள்ளை, காற்றடைத்தது

1

கதிர், மலர், இதை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டும். யார் முதலில் படிப்பது என்று இழுத்துப் பிடித்துக் காகிதத்தை இரண்டாக்கிவிடாதீர்கள். அம்மாவிடம் கடைசிப் பக்கத்தை முதலில் கொடுக்க வேண்டாம். அவளுக்கு எதையும் கடைசியிலிருந்து படிக்கிற பழக்கம் உண்டு. நான் பத்தாவது வரை படித்தவன். எங்காவது எழுத்துப் பிழை இருந்தால் மலர் திருத்திக்கொள்ளட்டும். வாத்தியாரிடம் காட்ட வேண்டாம்.

சென்ற வெள்ளிக்கிழமை நான் போன் செய்தபோது கதிர் பேச வரவில்லை. மலர்தான் எடுத்தாள்.

"அண்ணன் துக்கத்துல இருக்கான்ப்பா" என்றாள்.

மலரு, வெளிநாட்டில் இருக்கிறவனிடம் அந்தச் சொல்லை அப்படிப் பொசுக்கென்று போடக் கூடாது. அரை நிமிஷத்தில் நான் மனதுக்குள் பாஸ்போர்ட்டை வாங்கி, டிக்கெட் எடுத்து, திருச்சி வரைக்கும் வந்துவிட்டேன்.

"யாருக்கும்மா என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலப்பா. கிரிக்கெட்டு. அவனோட ஆளு வேற டீமுக்குப் போயிட்டாராம். செவத்துல இருந்த படத்தைப் பிச்சு எறிஞ்சுட்டான். அம்மா அதை எடுத்து நாலா மடிச்சுக் கஞ்சிப்பானைக்கு அடியில வச்சுட்டாங்க."

அப்புறம்தான் கதிர் வந்தான். குரல் உடைந்திருந்தது. அழுததாலா, வயதினாலா தெரியவில்லை.

"காசு கூடத் தரேன்னாங்களாம்ப்பா. போயிட்டான். இவனுக்காக நான் கிளாஸ்ல சண்டை போட்டு முட்டிக்கால் போட்டிருக்கேன். துரோகி."

போன வாரம் வரை 'அவர்' என்று சொன்ன பிள்ளை 'அவன்' என்றது. நான் "சரி விடுடா" என்றேன்.

"நீங்களா இருந்தா போவீங்களாப்பா?"

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பூத் அதிரும்படி சொன்னேன்: "நானா? கோடி குடுத்தாலும் இருக்கிற எடத்தை விட்டுப் போக மாட்டேன்டா!"

எனக்குப் பின்னால் போனுக்கு நான்கு பேர் நின்றார்கள். நான்கு பேரும் சிரித்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் தோள்துண்டை எடுத்துக் கண்ணையே துடைத்தார். அதற்குள் கார்டில் காசு தீர்ந்து லைன் அறுந்துபோயிற்று. என் சத்தத்துக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். புஜைராவின் வெயிலில் எண்ணெய் டேங்க்குகளை ஒட்டியே நடந்து, நாங்கள் தங்கியிருக்கிற கேம்ப் கேட்டில் என் படம் ஒட்டிய கார்டை வாட்ச்மேனிடம் நீட்டினேன். நீட்டும்போதுதான் அவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்று உறைத்தது.

அந்த கேட்டிலேயே எனக்கு சேவியர் ஞாபகம் வந்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் ஒருவனைத் துரோகி என்றேன், கதிர். நீ படத்தைத்தான் கிழித்தாய். நான் ஒரு ஆளின் பிழைப்பையே கிழிக்கப் பார்த்தேன். இதை அம்மாவிடமும் சொன்னதில்லை.

2

இங்கே என் வேலை ஸ்டோர் கீப்பர். எண்ணெய் டேங்க்குகளுக்குள் இறங்கிச் சுத்தம் செய்து பெயிண்ட் அடிக்கிற கம்பெனி எங்களுடையது. அதற்கு வேண்டிய பிரஷ், கையுறை, ஹெல்மெட், ஷூ, மெத்தை, போர்வை எல்லாம் என் பூட்டுக்குள் இருக்கும். யார் எதை வாங்கினாலும் பதிவேட்டில் பெயர் போட்டு எழுதிக் கையெழுத்து வாங்குவேன். கையெழுத்து வராதவர்களிடம் கட்டைவிரல். ஊர் இரும்புக் கடையில் நான் பார்த்த அதே வேலைதான். இங்கே ஏசி உண்டு, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை லீவு. அன்றைக்கு இந்த ஊர்க்காரர்கள் கடற்கரைப் பக்கம் போய் இரண்டு காளைகளை முட்டவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். நம் ஊரில் மனிதன் மாட்டோடு முட்டுவான். இங்கே மாடும் மாடும் பேசித் தீர்த்துக்கொள்ளும். நாங்கள் அதற்குப் போக மாட்டோம். எங்களுக்கு வாலிபால்.

கேம்ப்புக்குப் பின்னால் மொட்டை மலை. அதன் அடியில் கல் பொறுக்கி, பழைய வலை கட்டி, பெயிண்டால் கோடு போட்ட மைதானம். டேங்க் ஏரியாவில் இருக்கிற கேம்ப்புகளுக்குள் வருஷா வருஷம் போட்டி நடக்கும். கோப்பை ஒன்று உண்டு. தொடர்ந்து மூன்று தடவை ஜெயிக்கிற கேம்ப்புக்கு அது சொந்தம். நாங்கள் இரண்டு தடவை ஜெயித்திருந்தோம். கோப்பை எங்கள் மெஸ்ஸில் மீன் வைக்கிற ஃப்ரீசரின் மேல் இருந்தது.

இரண்டு தடவையும் ஜெயித்தது சேவியரால். கன்னியாகுமரிக் கடற்கரைப் பையன். டேங்க்குக்குள் பெயிண்ட் அடிக்கிற ஹெல்பர். கறுத்து, நீண்டு, சிரித்தால் பல் மட்டும் தெரிகிற ஆள். எங்கள் குல்கான் பாய், பெஷாவர்ப் பக்கத்து ஃபோர்மேன், பந்தை வலைக்கு மேல் மெதுவாகத் தூக்கிக் கொடுப்பார். சேவியர் எங்கிருந்தோ ஓடி வந்து எழும்புவான். எழும்பியவன் உடனே இறங்க மாட்டான். மேலே நின்று, எங்கே இடம் காலியாக இருக்கிறது என்று சாவகாசமாகப் பார்த்துவிட்டுத்தான் அடிப்பான். பந்து எதிராளியின் காலடியில் இறங்கும்.

அவனுக்கு சர்வீஸ் வந்தால் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எல்லோரும் மெஸ் தட்டோடுதான் மைதானத்துக்குப் போவோம். அவன் பந்தைக் கையில் எடுத்ததும் தட்டில் மூன்று அடி. டண், டண், டண். மூன்றாவது அடிக்கு அவன் பந்தை மேலே போடுவான். நாங்கள் நூற்றுச் சொச்சம் பேர் மொத்தமாக எழுந்து நிற்போம். இந்த வழக்கத்தை ஆரம்பித்தவன் மெஸ் பாண்டி. மதுரைக்காரன். எங்களுக்குச் சமைத்துப் போடுகிறவன். தட்டுக்குப் பதில் அண்டா மூடியும் கரண்டியும் கொண்டுவருவான்.

டேங்க்குக்குள் இறங்கினால் வெளிச்சம் கிடையாது, காற்று கிடையாது, பெயிண்ட் நெடி மண்டையைப் பிளக்கும். அப்படிப்பட்ட ஆறு நாளுக்குப் பிறகு ஒருத்தன் அந்தரத்தில் நிற்பதைப் பார்ப்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குப் புரியும், கதிர். முட்டிக்கால் போட்டவன் அல்லவா நீ.

3

மூன்றாவது வருஷம் ஃபைனலுக்கு வந்துவிட்டோம். எதிரில் ஆடப்போவது ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கேம்ப். அவர்களும் எங்களைப் போல டேங்க் பெயிண்ட் அடிக்கிறவர்கள்தான். அவர்களுடைய மேனேஜருக்கு வாலிபால் பைத்தியம்.

ஃபைனலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு மதியம் பாண்டி கரண்டியோடு ஸ்டோருக்குள் ஓடி வந்தான்.

"அண்ணே, கேட்டீகளா? சேவியர் எதிர் கேம்ப்புக்குப் போறானாம்!"

"எதுக்கு? உப்பு வாங்கவா?"

"வேலைக்குண்ணே! அந்த மேனேஜரு கிரேன் ஆள்கூட நிக்கிற வேலை தாரேன்னு சொல்லிட்டாராம். சம்பளம் இதுல ஒண்ணரை மடங்காம். நம்ம ஆபீஸ்ல லெட்டரும் கேட்டுட்டானாம்."

அன்று மாலை மெஸ்ஸில் பஞ்சாயத்து கூடியது. சேவியர் தட்டோடு சாப்பாட்டுக்கு வந்தவன், நடுவில் நிறுத்தப்பட்டான். பாண்டி ஃப்ரீசர் மேலிருந்து கோப்பையை இறக்கி மேஜையில் சாட்சி போல வைத்தான்.

"எதுக்குடா போற?" என்று நான்தான் ஆரம்பித்தேன். வயதில் மூத்தவன் என்று என்னைப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள்.

"காசு கூடத் தாரான் அண்ணே."

"அது சரி. காரணம் என்ன?"

"அதான் சொன்னேனே. காசு கூடத் தாரான்."

கூட்டம் முணுமுணுத்தது. பாண்டி முன்னால் வந்தான். அவன் முகத்தில் கெஞ்சல் இருந்தது.

"தம்பி, வீட்ல ஏதாச்சும் பிரச்சனையாடா? கடன்கிடன்?"

"இல்ல அண்ணே."

"தங்கச்சி கல்யாணம்?"

"எனக்குத் தங்கச்சியே கெடையாது."

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா? ஒரு ஆபரேஷன்னு சொல்லேன்டா. ஒரு வார்த்தை சொல்லு, நாங்க வாயை மூடிக்கிறோம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சேவியர் சிரித்துவிட்டான். "எனக்க அம்மா நல்லா இருக்கா அண்ணே. காலையில மீன் கூடைய எடுத்துட்டு ஆறு மைல் நடக்கா. நல்லா இருக்கியவள நான் எதுக்குச் சீக்குல கெடத்தணும்?"

உண்மையைச் சொல்கிறேன், எங்களுக்கு அதுதான் பொறுக்கவில்லை. அவன் ஒரு பொய் சொல்லியிருந்தால் அழுது, கட்டிப்பிடித்து அனுப்பிவைத்திருப்போம். வெறும் காசு என்கிறான்! அதுவும் சோற்றுத் தட்டைப் பிடித்துக்கொண்டு!

"அப்ப காசுதான் ஒனக்குப் பெருசு. நாங்க ஒண்ணும் இல்ல?" என்றேன்.

"நீங்க எதுக்கு அண்ணே இங்க வந்தீங்க?"

"நானா? நான் பிள்ளைங்க படிப்புக்காக வந்தேன்."

"பாண்டி அண்ணே?"

"நான் வீடு கட்ட."

"அதெல்லாம் எதால ஆவும்? காத்தாலயா?"

குல்கான் பாய் மூலையில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "பைசா ஸ்யாதா, ஆத்மி ஜாயேகா. கலாஸ்" என்றார். காசு அதிகம் என்றால் ஆள் போவான், விஷயம் முடிந்தது என்று அர்த்தம். பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவரே அப்படிச் சொன்னது எங்களுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நான் எழுந்து, எல்லோர் முன்னாலும் சேவியரைத் துரோகி என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு போய்ச் சோறு போட்டுக்கொண்டான்.

4

இந்த நாட்டில் ஒரு கம்பெனியை விட்டு இன்னொரு கம்பெனிக்கு இஷ்டப்படி போய்விட முடியாது. நம்மைக் கூட்டிவந்தவர் கஃபீல். அவர் தரப்பிலிருந்து 'இவன் போவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று கடிதம் வேண்டும். கடிதம் வராவிட்டால் ஊருக்குத் திரும்பிப் போய் மாதக்கணக்கில் உட்கார வேண்டும். அதற்குள் புது வேலை வேறு யாருக்காவது போய்விடும். சேவியருக்கு எதிர் கேம்ப் மேனேஜர் கொடுத்த கெடு பதினைந்து நாள்.

அந்தக் கடிதத்துக்கு முன்னால் ஒரு தாள் சுற்றி வரும். மெஸ்ஸில் பாக்கி இல்லை, ரூம் சாவி கொடுத்தாயிற்று என்று ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும். கடைசிக் கையெழுத்து ஸ்டோர். அதாவது நான். அவன் பெயரில் எழுதின சாமான் எல்லாம் திரும்பி வந்தால்தான் நான் போட வேண்டும்.

பாண்டி கதவைச் சாத்திவிட்டுக் கேட்டான்: "அண்ணே, அவன் பேர்ல என்னென்ன இருக்கு?"

பதிவேட்டைப் புரட்டினேன். ஹெல்மெட், ஷூ, மெத்தை, போர்வை. கடைசியில் ஒரு வரி. அதைப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்தது.

முந்தின வருஷம் எங்கள் வாலிபால் கிழிந்துபோனது. விளையாட்டுச் சாமானுக்கு ஆபீஸில் காசு தர மாட்டார்கள். அதனால் நான் ஒரு தந்திரம் செய்தேன். டேங்க் வேலைக்கு என்று இங்கிலீஷில் ஒரு சீட்டு எழுதினேன். தமிழில் சொன்னால், 'மிதவை ஒன்று, வெள்ளை, காற்றடைத்தது.' ஆபீஸ் நாயர் சாரும் எங்கள் ஆட்டத்துக்கு ரசிகர். மூக்குக் கண்ணாடியை ஏற்றி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வந்தது வாலிபால். அதை யார் பேரிலாவது எழுத வேண்டுமே? அடிக்கிறவன் பேரிலேயே எழுதிவிட்டேன். அவனும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

"பந்தைத் தூக்கி மறைச்சிட்டா?" என்றான் பாண்டி.

"மிதவை திரும்பி வரலைன்னு ஆகும்."

"வரலைன்னா?"

"கையெழுத்து இல்லை."

"அண்ணே, நீங்க பெரிய ஆளுண்ணே" என்று சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அன்று எனக்கு இரண்டு துண்டு மீன் வைத்தான். அந்த மீனை நான் ருசித்துச் சாப்பிட்டேன். மறைக்காமல் எழுதுகிறேன்.

5

சேவியர் முதல் தடவை தாளோடு வந்தான். ஹெல்மெட், ஷூ, மெத்தை எல்லாம் துடைத்து, போர்வையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தான். வெளியே போகிறவன் போர்வையைத் துவைத்துக் கொடுத்தது அந்த ஸ்டோரில் அதுதான் முதல் தடவை.

"மிதவை?" என்றேன்.

"எந்த மிதவை அண்ணே?"

பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன்.

"அது நம்ம பந்துல்லா? நேத்து சாயங்காலம் உங்க கையிலதானே இருந்திச்சு?"

"என் கையில என்ன இருந்துச்சுங்கிறது பதிவேட்டுல இல்ல, தம்பி. ஒன் பேர்லதான் இருக்கு."

கோபப்படுவான் என்று காத்திருந்தேன். "சட்டப்படி நீங்க சொல்லுறது சரிதான்" என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்துக்கொண்டு போய்விட்டான். வைதிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

நான்கு நாள் கழித்து இரண்டாவது தடவை வந்தான். கையில் புத்தம்புது வாலிபால். ஊருக்குள் போய்ச் சொந்தக் காசில் வாங்கியிருக்கிறான். கவரைக்கூடப் பிரிக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே பாண்டி நின்று என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினான். கதிர், மலர், உங்கள் அப்பா அன்று சொன்னதை இன்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

"இது பந்து" என்றேன். "பதிவேட்டுல மிதவைன்னு இருக்கு. பந்தை வாங்கிக்கிட்டு மிதவை வந்துச்சுன்னு நான் எப்படி எழுதுறது? நாளைக்கு ஆடிட்டர் கேட்டா?"

"அண்ணே, அன்னைக்கு வந்ததும் பந்துதானே!"

"அதுக்கு என்ன ஆதாரம்?"

சேவியர் பந்தை அக்குளில் வைத்துக்கொண்டு யோசித்தான். "அப்ப மிதவை கொண்டுவந்தா வாங்குவீங்களா?"

"வெள்ளையா இருக்கணும். காத்தடைச்சிருக்கணும். தாராளமா வாங்குவேன்."

அவன் போனபிறகு பாண்டி உள்ளே வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். மறுநாள் நாயர் சார் ஸ்டோர் பக்கம் வந்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"முத்தையா, கம்பெனி நினக்குத் தந்த ஜோலி ஸ்டோர் கீப்பரா, ஜெயிலரா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனார்.

அன்று இரவு கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். காலையில் மெஸ்ஸில் பாண்டி, "பாத்துக்கங்கண்ணே, கேம்ப்பே ஒங்க பேனாவைத்தான் நம்பியிருக்கு" என்று சொல்லி ஆம்லெட்டைத் தட்டில் போட்டான். கேம்ப்பே என்னை நம்புவது எனக்கு அதுவரை வாய்க்காத பெருமை. மறுபடி பேனாவை மூடிவிட்டேன். பெருமைக்கும் ஆம்லெட்டுக்கும் சேர்த்து ஒரு ஆளின் பிழைப்பை விற்றேன்.

கெடு முடிய ஒரு நாள் இருந்தது. மதியம் மூன்றாவது தடவை சேவியர் வந்தான். மேலெல்லாம் மீன் வாடை. தோளில் ஒரு சாக்கு. மேஜையில் வைத்து அவிழ்த்தான். உள்ளே உருண்டையாக, வெள்ளையாக, இறுக்கக் காற்றடைத்து, மேலே கயிறு கட்டுகிற காது வைத்த ஒரு மிதவை. அசல் மிதவை. கடலில் வலைக்கு அடையாளமாக மிதக்கவிடுகிற சாமான்.

"எங்கடா புடிச்ச?"

"ஹார்பர்ல நம்ம ஊரு ஆளுக போட்டுல வேல செய்யாவ அண்ணே. அவிய முதலாளிகிட்ட கேட்டு வாங்கித் தந்தாவ. ரெண்டு நாளு டூட்டி முடிஞ்ச பெறகு வலை இழுத்துக் குடுத்தேன். எண்ணிப் பாத்துக்கிடுங்க, ஒண்ணு. வெள்ளை. காத்தடைச்சது."

ஆயிரம் நட்டு போல்ட்டு பெயர் தெரிந்த நான், ஒரு பொய்யை எழுதி வைத்து, அந்தப் பொய்யையே சட்டம் என்று பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் கடலிலிருந்து என் பொய்யை உண்மையாக்கிக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டான். பதிவேட்டில் 'திரும்பப் பெறப்பட்டது, நல்ல நிலையில்' என்று எழுதி, தாளில் கையெழுத்துப் போட்டேன்.

தாளை வாங்கிக்கொண்டு கதவு வரை போனவன் திரும்பி நின்றான்.

"அண்ணே, பந்து எங்க இருக்குன்னு எனக்கு அப்பமே தெரியும். மெஸ்ஸுல பிரியாணி அண்டாவுக்குள்ள கெடக்கு. வெள்ளிக்கிழமை மட்டும்தானே அத எறக்குவாவ."

"தெரியுமா? அப்புறம் ஏண்டா எடுத்துட்டு வரல?"

"அத உங்ககிட்ட குடுத்தா நீங்க ஸ்டோருக்குள்ள வச்சுப் பூட்டிருவீங்க. ஃபைனலுக்கு நம்ம பயலுவ எதுல பழகுவானுவ? புதுப் பந்து துள்ளும் அண்ணே. அது நம்ம கை பழகின பந்துல்லா."

அவன் போய்விட்டான். நான் அந்த மிதவையைத் துடைத்து மூன்றாவது அலமாரியில் வைத்தேன். 'நம்ம பயலுவ' என்று அவன் சொன்னது எங்களைத்தான்.

பாண்டி அன்றிலிருந்து எனக்கு மீன் வைப்பதை நிறுத்தினான். வெறும் குழம்பு.

6

ஃபைனல் அன்று பாண்டி எல்லோருக்கும் உத்தரவு போட்டான். சேவியர் சர்வீஸ் போட வந்தால் ஒருத்தரும் தட்டைத் தொடக் கூடாது. வாயைத் திறக்கக் கூடாது. முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். அவமானத்தில் அவன் கை தானாக நடுங்கும்.

சேவியர் எதிர் கேம்ப்பின் பச்சை பனியனில் இறங்கினான். அந்த நிறம் அவனுக்குப் பொருந்தவே இல்லை என்று எங்கள் பக்கம் ஒருமனதாகப் பேசிக்கொண்டோம். வலைக்கு அந்தப் பக்கம் நின்று எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினான். நூற்றுச் சொச்சம் முகமும் மலையைப் பார்த்தது. அந்த மலையை அதன் வாழ்நாளில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆட்டம் சரிக்குச் சரியாகப் போனது. அவனுடைய முதல் சர்வீஸ் வந்தது. பந்தைக் கையில் எடுத்தான். மைதானமே அமைதி.

டண்.

யாரென்று திரும்பிப் பார்த்தோம். பாண்டிதான். அவன் முகம் மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கை மட்டும் அண்டா மூடியைப் பார்த்துக்கொண்டது. இரண்டு வருஷப் பழக்கம். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் என் கையும் தட்டைத் தட்டியது. டண். அடுத்தது மொத்தக் கேம்ப்பும். டண்! சேவியர் பந்தை மேலே போட்டான். நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம். அவன் எழும்பி, மேலே நின்று, இடம் பார்த்து அடித்தான். பந்து எங்கள் கோட்டுக்குள் புழுதி கிளப்பியது.

"அடிறா என் தங்கம்!" என்று பாண்டி மூடியைத் தூக்கி எறிந்தான்.

அப்புறம்தான் பாயிண்ட் யாருக்குப் போனது என்று எங்களுக்குத் தெரிந்தது. எதிர் கேம்ப்காரர்கள் தங்கள் ஆளுக்குக் கை தட்டுவதை விட்டுவிட்டு எங்களையே வாயைப் பிளந்து பார்த்தார்கள். வலைக்குப் பக்கத்தில் நின்ற குல்கான் பாய் திரும்பி, தாடியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்: "அரே பாய்! தும் லோக் கிஸ்கே ஆத்மி ஹோ?" நீங்கள் எல்லாம் யாருடைய ஆட்கள் என்று கேட்கிறார்.

தோற்றோம். கோப்பை ரோட்டைத் தாண்டிப் போனது.

அன்று சாப்பாட்டு வேளையில் சேவியர் பழையபடி எங்கள் மெஸ்ஸுக்குத் தட்டோடு வந்து வரிசையில் நின்றான். எல்லோரும் பாண்டியின் கரண்டியைப் பார்த்தோம்.

"வெளியாளுக்கு இங்க சாப்பாடு கெடையாது" என்றான் பாண்டி.

"அந்த மெஸ்ஸுல மீன கொழம்புல போட்டு வேக வைக்கல அண்ணே. முங்கவச்சுக் கொன்னுருக்கான்."

பாண்டி சட்டியின் அடியில் கரண்டியை விட்டுத் தேடி, முழு மீன் தலையை எடுத்து அவன் தட்டில் வைத்தான். அடுத்து நான் தட்டை நீட்டினேன். எனக்குக் குழம்பு.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவன் வந்தான். போன வருஷம் அங்கிருந்தும் கத்தாரில் ராஸ் லஃபானுக்குப் போய்விட்டான். இன்னும் கூடக் காசு. இந்தத் தடவை அவனை வழியனுப்ப அண்டா மூடியோடு போனது பாண்டி. எதிர் கேம்ப்காரர்கள் அவனைத் துரோகி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குக் கோபம் வந்தது.

மிதவை இன்னும் என் ஸ்டோரில், மூன்றாவது அலமாரியில் இருக்கிறது. ஆடிட்டர் வந்து, இது எதற்கு என்று கேட்டார். டேங்க் வேலைக்கு என்றேன். நல்ல சாமான் என்று எழுதிக்கொண்டு போனார்.

7

கதிர், இப்போது உன் கேள்வி.

நான் ஊரில் இரும்புக் கடையை விட்டு வந்தபோது முதலாளி என்னிடம், "ஒனக்கு நான் என்னடா குறை வச்சேன்?" என்று கேட்டார். அவர் குறை வைக்கவில்லை. இங்கே கூடத் தருகிறேன் என்றார்கள், அவ்வளவுதான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அம்மாவுக்கு ரொம்ப முடியல முதலாளி, ஆபரேஷன்" என்றேன். அவர் கண் கலங்கித் திருநீறு பூசி அனுப்பினார். அந்நேரம் உங்கள் அப்பாயி வயலில் நின்று களை பறித்துக்கொண்டிருந்தாள். சேவியரை மெஸ்ஸில் நிற்க வைத்து அதே பொய்யைச் சொல்லச் சொல்லி பாண்டி கெஞ்சினபோது நான் ஏன் தலையைக் குனிந்துகொண்டேன் என்று இப்போது உனக்குத் தெரியும்.

நான் கிளம்பின அன்று உனக்கு மூன்று வயது. மலர் அம்மாவின் வயிற்றில். பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் அழுதார்கள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நீ உன் மாமன் தோளில் உட்கார்ந்திருந்தாய். டிரைவர் ஹாரன் அடித்து வண்டியை எடுத்ததும் உனக்கு ஒரே சந்தோஷம். இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினாய். பஸ் திரும்புகிற வரைக்கும் தட்டிக்கொண்டே இருந்தாய். நீ உட்கார்ந்திருந்தது தோற்கிற பக்கம் என்று உனக்குத் தெரியாது. நான் பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனேன்.

கோபம் இருந்தால் இருக்கட்டும். எங்களுக்கும் இருந்தது. ஆனால் கஞ்சிப்பானையை இறக்கிவிட்டு அந்தப் படத்தை எடுத்துப் பிரித்துப் பார். வட்டமாகக் கரி பிடித்திருக்கும். அம்மாவிடம் கேட்டுத் துடைத்துக்கொள். சுவரில் ஒட்டுவதும் ஒட்டாததும் உன் இஷ்டம்.

வெள்ளிக்கிழமை போனுக்கு வா. அதே கேள்வியைக் கேள். போவேன்டா, போனவன்தான்டா என்று சத்தமாகவே சொல்கிறேன். பின்னால் நிற்கிறவர்கள் இந்தத் தடவை சிரிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் அப்பா,
முத்தையா